புத்தாண்டும் புது உடன்படிக்கையும்

(சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கிறிஸ்தவ விசுவாசத்தினால் வரும் புதுப்பித்தலைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இச்சங்கத்தில் கிறிஸ்தவர் மட்டும் இல்லை. ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் அண்ணன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவராகவும் தம்பி ஆலயத்தில் பாடற்குழுவில் நிற்பவராகவும் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே இரு சாராரும் அமர்ந்து கேட்கத்தக்க வகையிலேயே பேச விழைகிறோம்.

நேற்று நள்ளிரவு ஆலய மணி ஒலித்தபோது நம் தெரு முழுவதும் விழித்திருந்தது. வாசல்தோறும் கோலம், பிள்ளைகளுக்குப் புத்தாடை, ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் அடங்கிய தட்டு வந்தது. ஆளுக்கொன்று எடுத்தோம். ஆசீர்வாதமும் செழிப்பும் குறித்த வசனம் வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். பொறுமையையும் பாடுகளையும் பற்றிய வசனம் வந்த ஓரிருவர் அட்டையை மெல்ல வைத்துவிட்டு வேறொன்று எடுத்ததும் உண்டு. வேதம் பரிசுச் சீட்டு ஆகிவிடலாகாது. வசனம் நல்லதே, எடுக்கும் மனத்தைத்தான் சொல்கிறோம். இவ்வாண்டு கடவுள் எமக்கு என்ன தருவார் என்று கேட்கக் கற்றுக் கொண்ட நாம், கடவுளுக்கு நாம் தந்த வாக்கு என்ன என்று கேட்க மறந்து போனோம். உடன்படிக்கை என்பது இரு தரப்பாரும் கையொப்பம் இடுவது. அதைப் பற்றியே இன்று பேச நினைக்கிறோம்.

சனவரி முதல் நாளுக்கென்று தனிப் புனிதம் ஏதும் வேதத்தில் சொல்லப்படவில்லை. அது உரோமர் வகுத்த நாள். இங்கிலாந்திலேயே 1752 ஆம் ஆண்டில்தான் சனவரி முதல் நாள் சட்டப்படி ஆண்டின் தொடக்கம் ஆயிற்று. அதுவரை மார்ச்சு 25 ஆம் நாளே அவர்களுக்குப் புத்தாண்டு. ஆனால் வேதாகமத்தில் ஆண்டுப் பிறப்பை ஒட்டிய இரு நாட்கள் உண்டு. அவ்விரண்டும் நம்மைப் போன்ற மக்களுக்கென்றே எழுதப்பட்டனவோ என்று எண்ணத் தோன்றும்.

முதலாவது, யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. எகிப்தில் செங்கல் சுமந்த ஓர் அடிமைக் கூட்டம் இரவோடு இரவாகப் புறப்படப் போகிறது. அந்த நேரத்தில் கடவுள் அவர்களுக்கு முதலில் தந்தது ஒரு நாட்காட்டி! புறப்படும் அந்த மாதத்தையே இனி ஆண்டின் முதல் மாதமாக எண்ணச் சொல்கிறார். பிற நாட்டார் அரசர் முடி சூடிய நாளிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். இவர்களோ விடுதலை பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டார்கள். மேலும் ஒன்றைக் கவனியுங்கள். பத்துக் கட்டளைகள் பிறகுதான் வருகின்றன. நல்லவர்கள் ஆனால் விடுவிப்பேன் என்று கடவுள் சொல்லவில்லை. முதலில் விடுவித்தார், பின்னரே எப்படி வாழ வேண்டும் என்று கற்பித்தார். கிருபை என்று நாம் பாடும் சொல்லின் பொருள் இதுவே.

எகிப்தை விட்டு மக்கள் வெளியேற ஓர் இரவு போதுமானதாக இருந்தது. மக்களை விட்டு எகிப்து வெளியேற நாற்பது ஆண்டுகளும் போதவில்லை. வனாந்தரத்தில் நின்றுகொண்டு, எகிப்தில் உண்ட வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. நம் இளைஞர்கள் பட்டணத்துக் கல்லூரிக்குச் செல்கிறார்கள்; அலுவலகங்களில் அமர்கிறார்கள். ஊர் எது என்று யாரேனும் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லித் தெருப் பெயரை விழுங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அந்த விழுங்குதல் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் நம்மைத் தாழ்ந்தவர் என்று சொன்னது ஒரு கொடுமை. அதை நாமே நம்பத் தலைப்படுவது அதனினும் கொடியது. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டேன் என்பதை ஒருவன் உள்ளபடியே நம்பினால், அவன் தன் தெருவின் பெயரைச் சொல்லும் குரலே மாறிவிடும். ஆவிக்குரிய புதுப்பித்தல் அந்தக் குரலில் தொடங்குகிறது என்பது எம் கருத்து.

புத்தாண்டு இரவில் விழித்திருக்கும் நம் வழக்கத்திற்கு வேறொரு நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1862 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் ஆலயங்களில் கூடி விழித்திருந்தார்கள். அரசை எதிர்த்துப் போரிட்ட மாநிலங்களின் அடிமைகள் 1863 சனவரி முதல் நாள் தொட்டு விடுதலை பெற்றோர் ஆவர் என்று அதிபர் இலிங்கன் அறிவிக்க இருந்தார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், புத்தாண்டு நாளன்று பாஸ்டன் நகரில் திரண்ட கூட்டத்தோடு தந்திச் செய்திக்காகக் காத்திருந்தார். பகல் கழிந்தது, செய்தி வரவில்லை. இரவு வெகு நேரம் சென்றே வந்தது.

அந்த டக்ளஸ் சிறுவனாய் இருந்தபோது அவருடைய எசமானி எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவன் கண்டு தடுத்துவிட்டான். படிக்கத் தெரிந்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவன் வாதம். அந்தச் சொல்லிலிருந்தே விடுதலைக்கு வழி எது என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். நம் பாட்டன்மாருக்கு எழுத்து ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிந்த விளக்கம் வேறு வேண்டுமோ? அறிவிப்பு வெளியான உடனே அனைத்தும் நிறைவேறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் அடிமை முறை ஒழிய 1865 ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, வேதம் கூறும் இரண்டாவது நாளுக்கு வருவோம். நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரம். ஏழாம் மாதத்தின் முதல் நாள். யூதர்கள் பிற்காலத்தில் புத்தாண்டாகக் கொண்டாடி வரும் நாள் அதுவே. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னே இருந்த வீதியில் கூடினார்கள். ஆடவர், பெண்டிர், கேட்டு அறியத்தக்க வயதுடையோர் அனைவரும் வந்தார்கள். மரத்தினால் மேடை அமைத்திருந்தார்கள். எஸ்றா அதன் மீது ஏறி, விடியற்காலை தொடங்கி நண்பகல் வரையில் நியாயப்பிரமாண நூலை வாசித்தார். லேவியர் மக்களிடையே நின்று பொருள் விளங்குமாறு எடுத்துரைத்தார்கள்.

ஆசிரியர் என்ற முறையில் இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் வியப்படைகிறோம். ஒரு சமுதாயத்தின் மறுமலர்ச்சி எங்கே தொடங்குகிறது? கோவிலுக்குள் அன்று, தெருவில். பலியினால் அன்று, வாசிப்பினால். வாசித்ததோடு நில்லாமல், புரிந்ததா என்று பார்த்திருக்கிறார்கள். பெண்களைத் தள்ளி வைக்கவில்லை. இது ஒரு பள்ளிக்கூடம் அன்றி வேறென்ன? நம் இரவுப் பள்ளியின் முதல் வகுப்பும் தெருவிளக்கின் கீழேதான் நடந்தது என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள்.

கேட்ட மக்கள் அழுதார்கள். அழ வேண்டாம் என்று தலைவர்கள் தேற்றினார்கள். வீட்டுக்குப் போய் நல்லுணவு உண்ணவும், ஒன்றும் சமைக்க இயலாதவர்களுக்குப் பங்கு அனுப்பவும் சொன்னார்கள். கூட்டத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாராமல் படுத்துறங்குபவனுடைய எழுப்புதலை நெகேமியா எழுப்புதல் என்று ஏற்றிருக்க மாட்டார். மூன்று அதிகாரங்களுக்கு முன்னரே அவர் கடனைப் பற்றிப் பேசிவிட்டார். பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்தக் கொடுத்த ஏழைகள் முறையிட்டபோது, வட்டி வாங்கிய சொந்தச் சகோதரர்களைக் கூட்டி வைத்துக் கடிந்தார். நிலத்தையும் வாங்கிய வட்டியையும் திருப்பித் தரச் செய்தார். இதெல்லாம் முடிந்த பிறகே வேத வாசிப்பு. வாசிப்புக்குப் பின், பத்தாம் அதிகாரத்தில், உடன்படிக்கை எழுதி முத்திரை இட்டார்கள். யார் யார் முத்திரை இட்டார்கள் என்ற பெயர்ப் பட்டியல் இன்றும் அங்கே இருக்கிறது. வேதம் வாசிப்பவர்கள் பெயர்ப் பட்டியல் வந்தால் தாண்டிச் செல்வது வழக்கம். தாண்டாதீர்கள்.

நம் மக்கள் இந்த விசுவாசத்திற்கு வந்த வரலாற்றைக் குறித்து ஓர் ஏளனப் பேச்சு உண்டு. கஞ்சிக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள் என்பார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியது இழிவு என்றால், அவ்விழிவு பசிக்க விட்டவர்களையே சாரும். அது நிற்க. தென் திருவிதாங்கூரில் மயிலாடி என்னும் ஊரில் மகாராசன் என்றொருவர் இருந்தார். சாம்பவர் குலத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடவுளைத் தேடிச் சிதம்பரத்திற்குத் திருப்பயணம் புறப்பட்டார். நந்தனார் நாடிச் சென்ற அதே தில்லை. அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்லக் கூடியதாயிற்று என்று பெரியபுராணம் கூறும். மகாராசன் தஞ்சையில் தம் உறவினரிடம் தங்கினார். அங்கே ஆலய ஆராதனையில் நற்செய்தியைக் கேட்டார். கோலாப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார்.

அவரைத் தேடி அவரது ஊருக்கு எவரும் வரவில்லை என்பதை இளைஞர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். அவர்தாம் தேடிச் சென்றார். திரும்பி வந்து தம் சுற்றத்தாருக்குக் கற்பித்தார், எதிர்ப்புகளைத் தாங்கினார், தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று வேண்டினார். அதன் பயனாகவே இலண்டன் மிஷனைச் சார்ந்த செர்மானியர் ரிங்கல்தௌபே 1806 ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தார். 1809 ஆம் ஆண்டில் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளியும் தோன்றியது. 1816 ஆம் ஆண்டில் உடல் நலிந்து ரிங்கல்தௌபே விடைபெற்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார். மீட் ஐயர் வந்து சேரும் வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள் அச்சபைகளைக் காத்தவர் அவரே. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855 ஆம் ஆண்டில். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒடுக்கப்பட்ட குலத்தவர் ஒருவர் அந்நாட்டில் திருச்சபையை நடத்தியிருக்கிறார். புதிதாக்கப்பட்ட மனிதன் என்பதற்கு நாம் எடுத்துக்காட்டைத் தூர தேசத்தில் தேட வேண்டியதில்லை.

திருச்சபைக்குள் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லவும் நா எழவில்லை. 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, நம்மோடு சமமாக அமர்ந்து திருவிருந்து பெற மனமின்றித் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அந்த மனம் இன்றும் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவராக நிற்கிறது. அரசும் தன் பங்குக்கு ஒரு சுவர் எழுப்பியது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளலாகாது என்றது. 1956 இல் சீக்கியர்க்கும் 1990 இல் பௌத்தர்க்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்க்குத் திறக்கவில்லை, திறக்க வேண்டுமென்று நம் மாநிலச் சட்டமன்றம் 2023 ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு வீட்டின் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறொரு சான்றிதழ். ஊரார் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள் என்பது சான்றிதழ் எழுதுவோருக்குத் தெரியாதது அன்று. இந்த வேறுபாடு நம் வீடுகளுக்குள் பிளவாக மாறிவிடாமல் பார்த்துக் கொள்வது நம் கையில் உள்ளது.

புத்தாண்டில் உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனையைத் தொடங்கி வைத்தவர் ஜான் வெஸ்லி. 1755 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டனில் ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று அவ்வுடன்படிக்கையில் இணைந்தார்கள். பின்னர் அது புத்தாண்டு வழக்கமாயிற்று. அதன் கருத்து எளியது: எனக்கு வேலை கொடுத்தாலும் ஓரத்தில் இருத்தினாலும், உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், நான் உமக்கு உரியவன் என்று கடவுளிடம் ஒப்புக்கொடுப்பது. தாழ்த்தப்படுதல் என்ற சொல் நம் மக்களுக்கு எளிதில் தொண்டையில் இறங்காது. இறங்கவும் வேண்டாம். மனிதன் மனிதனைத் தாழ்த்துவதற்கு இந்தச் செபத்தில் இடமில்லை. கடவுளுக்கு முன் மட்டுமே முழங்கால் மடக்குபவன் வேறு எவனுக்கு முன்பும் மடக்க வேண்டியதில்லை என்பதே அதன் உட்பொருள்.

அந்த வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி, செங்கற்பட்டுச் சீமையில் நம் மக்கள் நிலமின்றிப் படும் பாட்டைக் கண்டு குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892 ஆம் ஆண்டில் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுவே. பிற வகுப்பாருக்கு அதை விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் கைமாறிப் போன நிலம் மிகுதி. எப்படிப் போயிற்று? விதைக்கும் திருமணத்திற்கும் வாங்கிய சிறு கடன். எவரோ எழுதிய பத்திரம். அதன் அடியில், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு கட்டைவிரல். 1994 ஆம் ஆண்டில் காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது காவலர் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர். பெயர்களைக் கவனித்தீர்களா? சான்றிதழ் பிரித்த இருவரை மண் பிரிக்கவில்லை.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், வெளியே உடல் தேய்ந்தாலும் உள்ளே அன்றாடம் புதுப்பிக்கப்படும் வாழ்வைப் பற்றிப் பேசுகிறார். ஆண்டுக்கொரு முறை என்று அவர் எழுதவில்லை. சனவரியில் எடுத்த தீர்மானம் பொங்கல் பானை இறங்குவதற்குள் ஆறிப்போவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே சங்கத்தின் சார்பில் ஓர் ஏடு தயாரித்திருக்கிறோம். நீண்ட வாசகம் ஏதும் அதில் இல்லை. நாள்தோறும் இரவில் வீட்டிலுள்ள ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் அமர்ந்து கேட்பது. கிறிஸ்தவ வீட்டில் அது வேதமாக இருக்கட்டும், மற்ற வீடுகளில் நல்ல நூல் எதுவாயினும் சரி. படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை வாசிக்க வேண்டும். பொருளும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பிற்கு முன் நிறுத்துவதில்லை. நம்மவரிடம் நாமே வட்டி வாங்குவதில்லை. இந்த வரியை எழுதியபோது குழுவில் சிறிது நேரம் மௌனம் நிலவியது, ஆயினும் அடிக்கவில்லை. ஆண்டின் கடைசி இரவில் மதுவுக்குச் செலவழிப்பதைச் சங்கத்தின் கல்வி நிதிக்குத் தருவது. நம் பிரிவுகளுக்குள்ளே உயர்வு தாழ்வு பேசிச் சம்பந்தம் மறுப்பதில்லை. அருந்ததியர் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்கும்போது நம் தெருவும் உடன் கையெழுத்திடுவது.

இவற்றை நம் சொந்த வலிமையால் செய்து முடித்துவிடலாம் என்று நாம் நம்பவில்லை. விடுவித்தவரே நடத்தவும் வேண்டும். அதற்காகவே செபித்துவிட்டுக் கையொப்பமிட அழைக்கிறோம். கிறிஸ்தவர் அல்லாத அன்பர்கள் தங்கள் மனச்சான்றை முன்னிறுத்தி ஒப்பமிடலாம். ஏட்டில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு வரி விட்டிருக்கிறோம். அடுத்த புத்தாண்டுக் கூட்டத்தில் அதே ஏடு திறக்கப்படும். வீடு வீடாகப் பெயர் வாசிக்கப்படும்.

மை அட்டை வைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு இரவுப் பள்ளிக்குப் பின் அதற்குத் தேவை இராது என்று நம்புகிறோம். கையெழுத்துப் பழகி வரும் பாட்டிமார் மூவர் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்துக் கூட்டி எழுதச் சிறிது நேரம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த வேண்டாம். ஆயர் அவர்கள் இப்போது செபிப்பார்கள். அதன் பிறகு மேசைக்கு வரிசையாக வாருங்கள். பேனா இரண்டுதான் இருக்கின்றன.